தட்டில் பாதி காய்

மேனகாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோதுதான் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அது 2004-ஆம் வருடம். கொடைக்கானல் ஏரிக்கு மேலே, சரிவில் இருந்த சிறிய கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் சண்முகசுந்தரி பழனிக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். சீட்டைப் படித்து மேசைமேல் வைத்துவிட்டு, இது எத்தனாவது பிள்ளை என்று கேட்டார். இரண்டாவது என்றாள் மேனகா. மூத்ததற்கு என்ன வயது என்று கேட்டார். நாற்காலிக்குப் பின்னால் நின்ற அவள் கணவன் ராஜ்மோகன்தான் சொன்னான்.

"எறந்து பொறந்துச்சுங்க. ரெண்டு வருசம் ஆச்சு. மாசம் நெறைஞ்சு, வயித்துக்குள்ளயே போயிருச்சு."

டாக்டர் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளை என்ன எடை இருந்தது என்று கேட்டார். மலைக்குக் கீழே ஓர் ஆஸ்பத்திரியில் நடந்த பிரசவம் அது. மேனகா மயக்கத்தில் கிடந்தாள். பிள்ளையை அவளுக்குக் காட்டவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். எடை பற்றி அவளிடம் யாரும் பேசியதில்லை. பெரிய பிள்ளை, கண் பட்டுவிட்டது என்று மட்டும் ஊரில் சொன்னார்கள்.

"நாலே முக்கா கிலோ இருக்குங்க," என்றான் ராஜ்மோகன்.

மேனகா திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் நிதானமாக விளக்கினார். கர்ப்பமாக இருக்கும்போது சிலருக்குச் சர்க்கரை ஏறும். தாய்க்கு வெளியே ஒன்றும் தெரியாது. வயிற்றில் இருக்கும் பிள்ளை அளவுக்கு மீறிப் பெருக்கும். கவனிக்காமல் விட்டால் கடைசி மாதத்தில் எதுவும் நடக்கலாம். போன தடவை யாராவது ரத்தம் எடுத்துப் பார்த்தார்களா என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்குப் போனதே வலி எடுத்த பிறகுதான் என்று மேனகா சொன்னாள்.

"அப்ப அந்தப் புள்ளையும் இதனாலதானாங்க?" என்று கேட்டான் ராஜ்மோகன்.

"உறுதியாச் சொல்ல முடியாதுப்பா. இருந்திருக்கலாம். இப்பத்தான் வெள்ளனே கண்டுபிடிச்சிட்டோமே. இத நல்லபடியாக் கொண்டு போயிரலாம்."

இருந்திருக்கலாம் என்ற சொல்லுக்குப் பிறகு டாக்டர் சொன்னவற்றை அவன் எவ்வளவு கேட்டான் என்று மேனகாவுக்குத் தெரியவில்லை. ஆனால் உணவைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் ஓரடி முன்னால் வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் ஒரு வெறும் தட்டை எடுத்து மேசைமேல் வைத்துக் காட்டினார். தட்டில் பாதி காய். மீதியில் ஒரு பங்கு முட்டையோ மீனோ பயறோ. இன்னொரு பங்குதான் சோறு, ஒரு சின்னக் கிண்ணம், அதற்கு மேல் வேண்டாம். காலையில் ஒரே ஒரு ரொட்டி. சர்க்கரை, வெல்லம், வாழைப்பழம் அறவே கூடாது. உருளைக்கிழங்கையும் பீட்ரூட்டையும் மறந்துவிட வேண்டும். பீன்ஸ், முட்டைகோஸ், சவ்சவ், முள்ளங்கி, கீரை என்று தாராளமாகச் சாப்பிடலாம். ஒரு வேளைக்குக் கால் கிலோ காய் உள்ளே போனால் நல்லது. வெண்ணெய்போலச் சதையுள்ள பட்டர் புரூட் கிடைத்தால் அதுவும் தின்னலாம், சர்க்கரை போடாமல்.

பீன்ஸை நாரோடு நிறுப்பதா, நார் உரித்து நிறுப்பதா என்று ராஜ்மோகன் கேட்டான். டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டார். அவ்வளவு துல்லியம் வேண்டியதில்லை, குத்துமதிப்பாக இருந்தால் போதும் என்றார். அவன் தலையை ஆட்டினான். ஆனால் குத்துமதிப்பு என்பதை அவன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பது மேனகாவுக்கு அப்போதே புரிந்தது.

பேத்துப்பாறையில் இருந்த வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவன் ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டான்.

ராஜ்மோகன் எட்டு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவன். வந்த கொஞ்ச நாளிலேயே மண்டபம் முகாமில் தாயைச் சாகக் கொடுத்தான். அதற்குப் பிறகு சித்தப்பன் வீட்டிலும் வேலை செய்த இடங்களிலும் கிடைத்ததைத் தின்று வளர்ந்தான். கொடைக்கானல் மார்க்கெட்டில் நாச்சிமுத்துவின் காய்கறிக் கடையில் மூட்டை இறக்கி எடை போடும் வேலை அவனுக்கு. கல்யாணமாகி மேனகா முதல் தடவை உண்டானபோது, ஒருவருக்கு வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கலாம் என்பதே அவனுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. தினமும் மாலையில் ஏதாவது ஒரு பொட்டலத்தோடு வருவான். பேக்கரி பன், ஜிலேபி, அல்வா, மலைவாழைப் பழம், சீசனில் பிளம்ஸ், டூரிஸ்டுகள் வாங்கும் சாக்லேட்டில் உடைந்த துண்டுகள். அவள் தின்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். அவள் பிறவியிலேயே ஒல்லி. மாதம் ஏற ஏற அவள் கன்னம் உப்பியதைக் கடையில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னான்.

அந்தப் பொட்டலங்களைத்தான் அவன் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொண்டு வருகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு கைத்தராசும் படிக்கற்களும் கொண்டுவந்தான். முதலாளி பழசாகிவிட்டது என்று மூலையில் போட்டிருந்த தராசு அது. தட்டுகளைப் புளி போட்டுத் தேய்த்து, முள் நேராக நிற்கிறதா என்று பார்த்து, அடுப்படியில் ஆணியடித்து மாட்டினான். அன்றிலிருந்து அந்த வீட்டில் நிறுக்காமல் எதுவும் அடுப்பில் ஏறவில்லை.

விடிவதற்குள் எழுந்து மதியத்துக்கான காயை அவனே நறுக்குவான். முட்டைகோஸில் தண்டை நீக்கிவிட்டுத்தான் நிறுப்பான். பீன்ஸை நார் உரித்துத்தான். முள்ளங்கியில் இலை தனி, கிழங்கு தனி. கேரட் மட்டும் விரல் நீளத் துண்டு, அதற்கு மேல் கிடையாது. சோற்றுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தான். அதன் விளிம்புக்கு மேல் குவியாமல் கரண்டியால் வழித்துவிடுவான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன, நாளைக்கு என்ன என்று கடையில் நிற்கும்போதே யோசித்து வைத்துக்கொண்டு வருவான். திங்கட்கிழமை சவ்சவ் கூட்டு என்றால் செவ்வாய்க்கிழமை கீரையும் முட்டையும். அவளுக்கு அலுத்துவிடக் கூடாது என்று புதினா போட்டும் மிளகு போட்டும் தேங்காய் அரைத்துவிட்டும் மாற்றி மாற்றிச் செய்யச் சொன்னான். வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டர் புரூட் மரத்தில் காய்த்ததை உப்பும் மிளகுத்தூளும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து கொடுத்தான். அதுவரை அவர்கள் அதைச் சீனி போட்டுத்தான் தின்றிருக்கிறார்கள்.

அவளுக்குப் போடும் அளவுதான் தனக்கும் என்று அவனே தட்டில் போட்டுக்கொண்டான். மூட்டை தூக்குகிறவன் ஒரு கிண்ணம் சோற்றில் எப்படி நிற்பது? நீங்க நல்லாச் சாப்பிடுங்க, எனக்குத்தானே பத்தியம் என்று மேனகா சொன்னால், கேட்காதவன்போல எழுந்து கை கழுவப் போய்விடுவான். இரண்டு மாதத்தில் அவன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

மேனகாவுக்குப் பசித்தது. மலைக் குளிரில், வயிற்றில் பிள்ளையோடு, காயைத் தின்று ஆறாத பசி. அவள் அம்மா சுடும் தேங்காய் ரொட்டியும், தொட்டுக்கொள்ளக் காரமாகச் சம்பலும், பால் விடாமல் நிறையச் சீனி போட்ட சாயத் தேத்தண்ணியும் நினைவில் வந்து நிற்கும். ஆனால் வாரம் ஒரு தடவை கிளினிக்கில் விரலில் குத்திப் பார்க்கும்போது சர்க்கரை குறைந்து வந்தது. டாக்டர் நல்லபடியாக இருக்கிறது என்று சொல்லும்போது ராஜ்மோகன் முகத்தில் ஒன்றும் மாறாது. அடுத்த வாரத்துக்கு என்ன அளவு என்று மட்டும் கேட்பான். அவன் சிரித்து நெடுநாள் ஆகிவிட்டது. அவளிடம் காயைப் பற்றித் தவிர வேறு பேச்சும் பேசுவதில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு வேண்டாம் என்று அவன் சொல்லிவிட்டான். மேனகாவின் அம்மா சின்னத்தாயும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள்தான், பூண்டியில் கேரட் தோட்டத்து வேலைக்குப் போகிறவள். சேதி கேட்டு அவளால் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் புறப்பட்டு, மதியம் மருமகன் கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துத் தூக்குச்சட்டியோடு வந்து இறங்கினாள். சட்டியில் நெய் விட்டுக் கிளறிய சர்க்கரைப் பொங்கல் இருந்தது. சூடு ஆறாமல் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

அடுப்படியில் தொங்கிய தராசைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயித்துப் புள்ளக்காரிக்குச் சோத்த அளந்து போடுற வீட்ட நான் எங்கயும் பாக்கல. தோட்டத்து லயத்து வீட்டுல, அரிசி இல்லாத காலத்துலகூட, புள்ளத்தாச்சிக்குன்னு ஒரு கை கூடத்தான் வச்சோம்," என்றாள்.

மேனகா முதலில் வேண்டாம் என்றாள். வாசனை வந்தது. ஒரு வாய் என்று கையில் வாங்கினாள். பிறகு தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல், பாதிக்கு மேல் தின்றாள். சின்னத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று கடையில் சரக்கு வரவில்லை என்று ராஜ்மோகன் சீக்கிரமே திரும்பிவிட்டான். அவன் வந்து நின்றபோது மேனகாவின் விரல்களில் நெய் இருந்தது. தூக்குச்சட்டியை எட்டிப் பார்த்தான். கத்துவான் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். அவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"அத்தை, போன தடவ நான் ஊட்டுனேன். இந்தத் தடவ நீங்க ஊட்டாதீங்க."

அதை மட்டும் சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டான். சின்னத்தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. மகள்தான் டாக்டர் சொன்னதையெல்லாம் அவளுக்கு முதல்முறையாகச் சொன்னாள். இனிப்பு, பிள்ளையின் பருமன், முதல் பிள்ளை. கேட்கக் கேட்கச் சின்னத்தாயின் முகம் வெளுத்தது. அவளும்தான் அந்தத் தடவை பூண்டியிலிருந்து வாராவாரம் வெல்லம் போட்டு உருண்டை பிடித்துக்கொண்டு வந்தாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தவள், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

மேனகா பின்கட்டுக்குப் போனாள். அவன் பட்டர் புரூட் மரத்தடியில் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தின்னது தப்புத்தான் என்றாள். ரொம்ப நாளாக மனதில் இருந்ததை அவள் அப்போதுதான் கேட்டாள்.

"அன்னிக்கு டாக்டரம்மாகிட்ட எடை சொன்னீங்கள்ல. ஆஸ்பத்திரியில நிறுத்தாங்களா?"

"நிறுக்கல."

"பெறகு எப்படித் தெரியும்?"

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"நர்சு துணியில சுத்திக் குடுத்தாங்க. வாங்குன ஒடனே கை சொல்லிருச்சு, நாலே முக்கான்னு. நான் நெனைக்கல மேனகா. காலையிலருந்து பொழுது சாயுற வரைக்கும் எடை பாக்குற கையி, அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு. எம்புள்ளைய மொதமொதல்ல கையில வாங்குறேன், எனக்குத் தோணுனது அதுதான்."

அவள் கேட்டாள். "மொகம் எப்படி இருந்துச்சு?"

இரண்டு வருடத்தில் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. மூக்கு உன் மூக்கு என்றான். தலை நிறைய முடி என்றான். நாச்சிமுத்துவின் காய்கறி வண்டியில் முன்சீட்டில் மடியில் வைத்துக்கொண்டு மலையேறி வந்ததை, வளைவுகளில் ஆடாமல் தலைக்குக் கை கொடுத்துக்கொண்டதை, மேலே ஓடைக்கரையில் பேரிக்காய் மரத்தடியில் தானே குழி வெட்டியதைச் சொன்னான்.

"கன்னம் ரெண்டும் நல்லா உப்பிக் கெடந்துச்சு. நல்லா ஊட்டியிருக்கோம்னு ஒரு பெருமைகூட வந்துச்சு, அந்த நேரத்துலயும். இப்பத்தானே தெரியுது, எதனால உப்புச்சுன்னு."

"வேணாம்னு நான் சொல்லலையே. ஆசையாத்தான தின்னேன். தெரிஞ்சா செஞ்சோம் ரெண்டு பேரும்?"

"தெரியாமத்தான். ஆனா வாங்கியாந்தது என் கையி."

அவன் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். உள்ளே பிள்ளை புரண்டது. அவன் உடம்பு குலுங்கியது. அழுகிறான் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது, ஏனென்றால் அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. பிள்ளை செத்த அன்றுகூட அவன் ஆஸ்பத்திரிக் காரியங்களைப் பார்த்துக்கொண்டு அலைந்தானே தவிர அழவில்லை.

அந்த இடத்துக்குத் தன்னைக் கூட்டிப் போகும்படி கேட்டாள். அந்த ஏற்றத்தில் இப்போது ஏறக் கூடாது, இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், கட்டாயம் போகலாம் என்றான்.

சின்னத்தாய் அன்று ஊருக்குப் போகவில்லை. சாயங்காலம் அவளே தராசைக் கழற்றி மகளுக்குப் பீன்ஸ் நிறுத்தாள். முள் நடுவில் நிற்கும்வரை ஒவ்வொரு பீன்ஸாகப் போட்டாள்.

அவ்வளவு செய்தும் எட்டாம் மாதத்தில் சர்க்கரை ஏறியது. இன்சுலின் ஊசி தொடங்க வேண்டும் என்றார் டாக்டர் சண்முகசுந்தரி. ராஜ்மோகன் எங்கே அளவு தவறியது என்று கேட்டான். எங்கும் தவறவில்லை, சில உடம்புக்குப் பத்தியம் மட்டும் போதாது, நீங்கள் இவ்வளவு செய்ததால்தான் இத்தனை நாள் ஊசியில்லாமல் ஓடியது என்று அவர் இரண்டு மூன்று தடவை எடுத்துச் சொன்னார். அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து படிக்கற்களைக் கடையில் இருந்த புதுத் தராசில் வைத்துச் சரிபார்க்க எடுத்துப் போனான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

டாக்டர் மதுரை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். நாள் நெருங்கும் முன்பே அங்கே சேர்த்தார்கள். அறுவை செய்து எடுத்தார்கள். பெண் பிள்ளை. பிறந்தவுடன் அதற்குச் சர்க்கரை இறங்கிவிட்டது என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ராஜ்மோகன் அந்த அறைக்கு வெளியே நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. பிள்ளை தேறிவிட்டது, தாயிடம் கொடுக்கலாம் என்று நர்ஸ் வெளியே கொண்டுவந்து அவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றான். சின்னத்தாய்தான் வாங்கிக்கொண்டு போய் மேனகாவின் பக்கத்தில் கிடத்தினாள்.

வார்டில் இருந்தவர்கள் இனிப்பு கேட்டார்கள். வாங்கி வருகிறேன் என்று போனவன் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். ஸ்வீட் ஸ்டால் வரைக்கும் போய் நின்றிருக்கிறான். ஜிலேபித் தட்டைப் பார்த்ததும் காசை எடுத்து நீட்ட முடியவில்லை. சின்னத்தாய் முந்தியில் முடிந்து வைத்திருந்த கல்கண்டை ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துச் சமாளித்தாள்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் வரைக்கும் அவன் பிள்ளையைத் தூக்கவில்லை. தொட்டிலை ஆட்டுவான், துணி துவைப்பான், வெந்நீர் போடுவான். தூக்கமாட்டான். மேனகா வற்புறுத்தவில்லை. ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது பிள்ளை வீறிட்டது. அவள் ஈரத்தலையோடு ஓடிவந்து பார்த்தபோது, அவன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு உலாத்திக்கொண்டிருந்தான். அவள் கதவோரமே நின்றுவிட்டாள்.

சர்க்கரை அவளைவிட்டு முழுதும் போகவில்லை. ஊசி நின்றது, பத்தியம் நிற்கவில்லை. இது காலத்துக்கும் கூட வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கிண்ணமும் அந்த அளவும் அப்படியே தொடர்ந்தன. ராஜ்மோகனை மட்டும் அவள் வயிறாரச் சாப்பிட வைத்தாள், எதிரில் உட்கார்ந்துகொண்டு.

பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு, மழையில்லாத ஒரு நாளாகப் பார்த்து, மூன்று பேரும் ஓடைக்கரைக்கு ஏறினார்கள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து நல்ல ஏற்றம். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து போனார்கள். மேனகா கையில் கொஞ்சம் செவ்வந்திப்பூ வைத்திருந்தாள்.

ஓடை இருந்தது. பேரிக்காய் மரம் இல்லை. ஆளுயரத்துக்கும் மேலாகப் புதுக் கல்சுவர் ஒன்று சரிவை வளைத்துக்கொண்டு போனது. உள்ளே மண் வெட்டும் வண்டி ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. ராஜ்மோகன் சுவரை ஒட்டியே முன்னும் பின்னும் நடந்தான். ஓடையைப் பார்த்தான், எதிர் மலையைப் பார்த்தான், மறுபடி நடந்தான்.

கேட்டில் இருந்த காவலாளி மணியன் பேத்துப்பாறைப் பக்கத்து ஆள்தான். முகம் தெரிந்தவன். டூரிஸ்டுகளுக்குக் காட்டேஜ் கட்டுகிறார்கள் என்றான். என்ன சோலியாக வந்தீர்கள் என்று கேட்டான். ராஜ்மோகன் சொன்னதும் பீடியைக் கீழே போட்டு மிதித்தான். உள்ளே விடமாட்டேன் என்று சொல்லவில்லை. விட்டாலும் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாவற்றையும் தள்ளி மட்டம் செய்து அஸ்திவாரமும் போட்டாகிவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னான். மரத்தை வெட்டி மாதக்கணக்காகிறது என்றான்.

ராஜ்மோகன் மேனகாவிடம் வந்தான்.

"அந்தா, அந்தச் செவத்துக்கு அந்தப் பக்கம். இங்கதான் எங்கயோ," என்றான். பிறகு, "நான் அடையாளம் வச்சிருக்கணும்," என்றான்.

அவள் சுவரருகே போய்க் கல்லில் உள்ளங்கையை வைத்தாள். புதுச் சிமென்ட் சில்லென்று இருந்தது. அந்தப் பிள்ளையை அவள் பார்த்ததில்லை. அது கிடந்த மண்ணையாவது ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். செவ்வந்திப்பூவைச் சுவரடியில் வைத்தாள்.

"பேரு ஏதாவது நெனச்சு வச்சிருந்தீங்களா?" என்று கேட்டாள்.

"பிரதீப்னு வைக்கலாம்னு இருந்தேன்."

அவள் தலையசைத்தாள். இத்தனை நாள் அதை எப்படிச் சொல்லாமல் வைத்திருந்தான் என்று நினைத்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை பசிக்கு அழத் தொடங்கியது. அவள் பாதையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். ஓடைப்பக்கமிருந்து காற்று அடித்தது. ராஜ்மோகன் தலைத்துண்டை விரித்து, காற்று படாமல் இருவருக்கும் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றான்.

பிள்ளை குடித்து முடித்ததும், வெரசாப் போனால் மூன்று மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்றான். இறங்கத் தொடங்கினார்கள்.